கல்லைக் குறை சொல்லாதீர்கள்!

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வீட்டில் சவரக்கத்தி தீட்டுகிற பலரும் அப்படித்தான். கத்தி மயிரை மழிக்காமல் பிடுங்கினால், உடனே 12000 கிரிட் கல்லுக்கு ஆர்டர்! வீண் செலவு மக்களே.

நுண்ணிய கல் இருக்கிற கூரை மெருகேற்றும்; இல்லாத கூரை உண்டாக்காது. இருபக்கச் சரிவுகளும் விளிம்பில் சந்தித்தால்தான் கூர். அது 1000 கிரிட் கல்லின் வேலை.

சரிவில் மார்க்கர் மை பூசுங்கள். கத்தியின் முதுகும் விளிம்பும் கல்லில் படிய, அழுத்தாமல் இரண்டு இழுப்பு. விளிம்போரம் மை மிச்சமா? அங்கே கல் படவேயில்லை. கல் சமதளமா என்றும் பாருங்கள். விளிம்பு முழுநீளத்துக்கும் கைமயிரை மழிக்கும்வரை 4000, 8000 பக்கம் போகவே வேண்டாம்.

பர்சைத் திறக்கும் முன் மார்க்கரைத் திறங்கள்!