வெறுங்கிண்ணம்

காரைக்குடியில் எங்கள் தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் ஆறு மாதம் குடியிருந்தாள். செட்டிநாட்டு வீடுகளை அளந்து படம் வரைகிற படிப்பாம். பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பக்கம் வருவது புதுசில்லை. கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' என்ற பழைய வீட்டைச் சீர்படுத்தி ஹோட்டலாக்கியவர்கள் இரண்டு பிரெஞ்சு ஆர்க்கிடெக்டுகள்தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்கூட ஏறியாச்சு. நாம்தான் தேக்குத் தூணைக் கழற்றி விற்றுக்கொண்டிருக்கிறோம். சரி, அது வேறு அழுகை.

எதிர்வீட்டு மாடிதான் அவளுக்கு ஜாகை. வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்கணும். "தம்பி, நீதான் பி.காம். ஆச்சே" என்று எதிர்வீட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பி.காம். படித்தவன் தலையெழுத்து சார் இது! தெருவில் யாருக்கு எந்த பாரம் என்றாலும் நான்தான்.

அரசாங்கம் கேட்டது பாஸ்போர்ட் நம்பர், விசா நம்பர், அவ்வளவுதான். எங்கள் தெரு அப்படி லேசில் விடுமா? கல்யாணம் ஆச்சா? ஏன் ஆகலை? கூடப்பிறந்தது எத்தனை? வாடகை எவ்வளவு கொடுக்கிறே? கீரைக்கார அம்மா ஒருத்தரே ஒரு காலைப் பொழுதில் மொத்த விசாரணையையும் முடித்துவிட்டார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள் ஒன்றே ஒன்றில்தான் நொந்துபோனாள். "எங்கிட்டுக் கிளம்பிட்டீக?"

"நான் போகிற இடத்தை ஏன் ஒன்பது பேருக்குச் சொல்லணும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"யாருக்கும் பதில் வேண்டாம்மா. 'இந்தா வர்றேன்'னு சொல்லிட்டு நடையைக் கட்டு. அது கேள்வியே இல்லை, குட்மார்னிங்" என்றேன்.

பிடித்துக்கொண்டாள். தெருமுனைக் கடைக்குப் போனாலும் 'இந்தா வர்றேன்', ரெண்டு நாள் மதுரைக்குப் போனாலும் 'இந்தா வர்றேன்'!

அடுத்த பிரச்னை ஒரு எவர்சில்வர் கிண்ணம். எங்கள் அப்பத்தாவுக்கு வயது 88. ஒரு விசேஷத்தன்று கவுனி அரிசி கிண்டி, கிண்ணம் நிறைய அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பினார். கவுனியே பர்மாவிலிருந்து செட்டியார் வீடுகளுக்கு வந்த சரக்குதானே, வெளிநாட்டுக்கு வெளிநாடு! அவள் சாப்பிட்டு, கிண்ணத்தைப் பளபளவென்று விளக்கி, "நன்றி" என்று சுத்தத் தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

அப்பத்தா முகம் சுருங்கிவிட்டது. "என்னடா, வெறுங்கிண்ணத்தைக் கொடுத்துட்டுப் போகுது? கணக்கை முடிச்சுக்கிருச்சா?"

மறுபடி நான்தான் பாடம் நடத்தினேன். "இது நடப்புக் கணக்கு. ஐந்தொகை போட்டால் ஒருத்தர் பக்கம் எப்பவும் பாக்கி நிற்கணும். பாக்கி இருக்கிற வரைதான் அக்கம்பக்கம். பைசல் ஆயிட்டா அவரவர் கதவை அவரவர் சாத்திக்கலாம்."

அடுத்த முறை கிண்ணத்தில் ரெண்டு வாழைப்பழத்தோடு வந்தாள். "பொழைச்சுக்கும்" என்றார் அப்பத்தா.

ஐப்பசி மழையில் ஒரு நாள் முழுக்க அவள் கீழே இறங்கவில்லை. 'எங்கிட்டுக் கிளம்பிட்டீக' என்று கேட்க ஆள் காணோமே என்று முதலில் கவனித்தது கீரைக்கார அம்மாதான். மேலே போய்ப் பார்த்தால், நெருப்பாகக் கொதிக்கிற காய்ச்சல். டாக்டரை அழைத்து வந்தோம். மூட்டுவலியால் வாசல்படியே இறங்காத அப்பத்தா, தூக்கில் கஞ்சியோடு எதிர்வீட்டு மாடிப்படி ஏறக் கிளம்பிவிட்டார்.

"குடுங்க அப்பத்தா, நான் கொண்டுபோறேன்."

"நீ கொடுத்தா என் கடன் எப்படிடா தீரும்?"

அப்புறம்தான் அந்தக் கதை வெளியே வந்தது. எங்கள் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்தவர். கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். ஆளுக்கு ஒரு கணக்குப் பெட்டி, ஒரு பாய் அகலம் தரை. பகலில் அதுதான் ஆபீஸ், ராத்திரி அதுதான் படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர். பெண்டாட்டி பிள்ளையெல்லாம் கடுதாசியில்தான்.

1956-ல் ஐயாவுக்கு டைபாய்டு. சமையல்காரர் வைத்த எதுவும் வயிற்றில் தங்கவில்லை. எதிர்க்கடைச் சீனத்து அம்மா ஒருத்தர் பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாராம்.

"அவுக பேரு என்ன அப்பத்தா?"

"யாருக்குத் தெரியும்? ஐயாவும் 'சீனத்து ஆச்சி'ன்னுதான் கூப்பிட்டாகளாம். அந்தக் கஞ்சி இல்லேன்னா உங்க அப்பனும் இல்லை, நீயும் இல்லை."

இன்று மார்க்கெட் தெருவில் கிட்டங்கியும் இல்லை, அந்த எதிர்க்கடையும் இருக்காது. வானத்தைத் தொடுகிற ஆபீஸ் கட்டடங்கள்தான். எந்தக் கதவைத் தட்டி அந்தப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது?

தை மாதம் அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பினாள். பெரிய பெட்டி, பின்னால் கார். தெருவே வாசலில் நின்று கேட்டது, "எங்கிட்டுக் கிளம்பிட்டீக?"

"இந்தா வர்றேன்" என்றாள். குரல் கம்மிவிட்டது. கீரைக்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கார் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "அப்பத்தா, பொங்கலுக்குக் கொடுத்துவிட்ட கிண்ணம் திரும்பி வரலையே!"

"இருக்கட்டும்டா" என்றார் அப்பத்தா. "அங்கிட்டும் எதிர்வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் வரும்ல?"