கடைமடைக்குத் தண்ணீர்

ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒரே மூச்சில் ஒரு நாரையால் கடக்க முடியாதாம். நாரையைக் கேட்டவர் யாருமில்லை. நம் முதுகிலும் 31 ஜோடி மடை உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் மாதிரி நரம்பு கிளம்புகிறது. இடுப்பு மடைக்குக் கடைமடை, கால் கட்டைவிரல்.

அந்த ஊரில் என் பெரியப்பாவுக்கு (வயது 68) இடது கால் செருப்பு தானாகக் கழன்று விழ ஆரம்பித்தது. விழுவதே தெரியாது. பத்தடி போனபின் யாராவது 'ஐயா, செருப்பு!' என்பார்கள். இடுப்பு எலும்பு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. "வயசாச்சுல்ல, இனிமே என்னத்த" என்று எட்டு மாதம் தைலம். சென்னையில் பைக்கிலேயே குடியிருக்கும் என் மச்சானுக்கும் (31) அதே இடம், அதே ஜவ்வு. மூணாவது வாரம் ஆபரேஷன். ரெண்டு மாதத்தில் மாடிப்படி ஏறினான்.

பெரியப்பாவும் கடைசியில் செய்துகொண்டார். வலி உடனே போயிற்று. கால்தான் எழும்பவில்லை. "நரம்பும் கிழடாப் போச்சாப்பா?" என்றார்.

பாதி உண்மை. நசுங்கிய நரம்பில் மேலுறை மட்டும் போயிருந்தால் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும். உள்ளிழையே அறுந்திருந்தால் அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். 1850-ல் வாலர் என்ற ஆங்கிலேய டாக்டர் தவளை நாக்கில் பார்த்துச் சொன்ன சங்கதி இது. பிறகு இழை புதிதாக முளைக்க வேண்டும், நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து கட்டைவிரல் ஏறக்குறைய ஒரு மீட்டர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 1000 நாள். நரம்பில்லாத சதை அவ்வளவு காலம் காத்திருக்காது. ஒன்றரை வருஷம் கழித்து நரம்பு வந்து கதவைத் தட்டினால் பெரும்பாலும் வீடு காலி. (கழுத்தில் தண்டுவடமே நசுங்கினால் இப்படி முளைக்கிற பேச்சே கிடையாது.)

கிழட்டுத்தனம் எங்கே வருகிறதென்றால், குடிமராமத்தில். இழை முளைக்குமுன் பழைய குப்பையை வாரி வழி விட வேண்டியவை ஷ்வான் செல்கள். 2014-ல் எலிகளில் சோதித்தார்கள். கிழ எலியின் நரம்புக்கு முளைக்கத் தெம்பு இருந்தது. இந்தச் செல்கள்தான் மெத்தனம். இளசு எலியின் நரம்புத் துண்டைக் கிழ எலிக்கு ஒட்டியதும் வேலை சூடு பிடித்துவிட்டது.

ஆக, பெரியப்பா விஷயத்தில் எனக்கு 68 மேல் அவ்வளவு கோபமில்லை, அந்த எட்டு மாதத் தைலத்தின் மேல்தான். ஒன்றை மட்டும் தைலத்துக்கு விடாதீர்கள்: இடுப்புவலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முப்பதானாலும் எழுபதானாலும்.

இப்போது பத்தாவது மாதம். பாதம் லேசாக எழும்புகிறது. கட்டைவிரல் இன்னும் இல்லை. நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நான் சொன்னதும் பெரியப்பா டெய்லர் டேப்பைத் தேடி எடுத்து, இடுப்பிலிருந்து விரல்வரை அளந்து பார்த்தார்.

"எந்த கான்ட்ராக்டர்ப்பா இது? நம்ம ஊரு ரோடு போட்டவனா?"