முதல் லென்ஸ் 50 தானா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போட்டோகிராபி படித்தவன் இல்லை. பி.காம். மூன்றாம் வருடம். லென்ஸ் வாங்கி ஏமாந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

கேமரா வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே எல்லோரும் ஒரே பாட்டுதான்: "முதல்ல ஒரு 50 வாங்கிப் போடு மச்சி." அதாவது கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம். 2015-ல் வந்தது, 160 கிராம்தான், விலையும் குறைவு, பின்னணி வெண்ணெய் மாதிரி கரையும். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்ட் கேனன் பாடி மட்டும் வாங்கி, கூடவே இந்த 50-ஐயும் வாங்கினேன்.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது கிராப் சென்சார் கேமரா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. சென்சார் சின்னது என்பதால் கேனனில் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 போட்டால் 80 போட்ட மாதிரிதான் தெரியும். கார்த்தியே-பிரசோன் பெரும்பாலும் 50-ஐ வைத்தே உலகத்தை எடுத்தார் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர் கையில் இருந்தது 35 மி.மீ. ஃபிலிம் போட்ட லைக்கா!

கேமராவோடு திருநெல்வேலியில் ஆச்சி வீட்டுக்குப் போனேன். வளவு வீடு, ஒடுக்கமான அடுக்களை. ஆச்சி அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம், மேலே பரணில் பித்தளைப் பாத்திரங்கள், கரி படிந்த சுவர். எல்லாம் ஒரு படத்தில் வர வேண்டும் என்று பின்னால் நகர்ந்தேன். முதுகு சுவரில் முட்டிவிட்டது. எட்டு அடி தள்ளி நின்றால் 50-ல் மூன்றரை அடி அகலம்தான் படத்தில் வரும். "என்னலே சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்க?" என்றாள் ஆச்சி. கடைசியில் முகத்தை மட்டும் எடுத்தேன். போனில் எடுத்திருக்கலாமே என்பீர்கள். கையில் கேமரா இருக்கும்போது போனா என்ற திமிர்தான், வேறென்ன.

அடுத்த வருடம் ஆச்சி போய்விட்டாள். வீட்டை விற்றார்கள், வாங்கியவர் இடித்துவிட்டார். என்னிடம் இருப்பது அழகான ஒரு முகம். மூக்குத்தி பளிச்சென்று இருக்கிறது. பின்னால் மஞ்சளாக ஏதோ கரைந்து கிடக்கிறது. அதுதான் அடுக்களை.

அதே எட்டு அடியில் 24 மி.மீ. எஃப் 2.8 போட்டிருந்தால் ஏழடிக்கு மேல் அகலம் வந்திருக்கும். இதுவும் கேனன்தான், 2014-ல் வந்தது, 125 கிராம், பிஸ்கட் மாதிரி தட்டையாக இருக்கும். ஹாஸ்டல் ரூம், பஸ், டீக்கடை, கல்யாண வீட்டுப் பந்தி என்று நாம் புழங்கும் இடமெல்லாம் சின்ன இடங்கள்தானே? 16 செ.மீ. வரை கிட்டே போகலாம் என்பதால் மெஸ் தட்டை உட்கார்ந்த இடத்திலேயே எடுக்கலாம். 50-க்கு 35 செ.மீ. வேண்டும்.

40 மி.மீ. எஃப் 2.8 என்று இன்னொரு தட்டை லென்ஸ் இருக்கிறது. ரூம்மேட் வைத்திருக்கிறான். ஃபுல் ஃப்ரேமில் அருமையாக இருக்குமாம், நம் கேமராவில் 64 ஆகி ரெண்டுங்கெட்டான் ஆகிவிடுகிறது.

50 உதவாது என்று சொல்லவில்லை. கல்ச்சுரல்ஸ் ராத்திரியில் மேடையில் ஆடுபவர்களை எடுக்க அதுதான் ராஜா. எஃப் 2.8-ஐ விட இரண்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கும். 24-ல் ஷட்டர் 1/50-க்கு இறங்கும் இடத்தில் 1/125 கிடைக்கும், கை கால் கலங்காது. முகம் எடுக்கவும் 50-தான். 24-ஐ முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகி, எடுத்தவனுக்கு அடி விழும் :-)

இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். கிட் லென்ஸிலேயே 24 இருக்கிறதே? இருக்கிறது, ஆனால் அங்கே எஃப் 4 பக்கம் நிற்கும், வெளிச்சம் பாதிதான். சாயங்கால வீட்டுக்குள் அந்தப் பாதி பெரிய விஷயம். அடுத்தது, நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் இந்த 24 அதில் மாட்டாதே? மாட்டாதுதான். ஆனால் வாங்காத கேமராவுக்காக இன்றைய லென்ஸைத் தேர்வு செய்வது, வராத வருமானத்துக்கு இப்போதே வரி கட்டுவது மாதிரி. செகண்ட் ஹேண்டில் வாங்கி அதே மாதிரி விற்றுவிட்டால் நஷ்டமும் கொஞ்சம்தான்.

போன மாதம் 24 வாங்கிவிட்டேன். இந்தப் பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டு அடுக்களையில் ஆரம்பிக்கிறேன். ரூம்மேட்டின் 40 இன்னும் பீரோவில் சும்மாதான் கிடக்கிறது, ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கும் புண்ணியவான்கள் விசாரிக்கலாம்.