அன்னையரின் எலும்பும் நம் கடமையும்

மாதவிடாய் நின்ற அன்னையரின் முதுகு வளைவதை முதுமையின் இயல்பென்றே நாம் எண்ணிவிடுகிறோம். அது எலும்புப்புரை நோயாகவும் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைந்ததும், எலும்பு உருவாவதினும் விரைவாகக் கரைகிறது. வலி தோன்றாமையால், மணிக்கட்டோ முதுகெலும்போ இடுப்போ முறிந்த பின்னரே பலரும் அறிகின்றனர். முறிவுக்குப்பின் கடன்பட்டும் செலவிடும் நாம், முன்னரே டெக்சா கருவியால் எலும்பின் அடர்த்தியை அளந்தறிய முனைவதில்லை.

இப்பருவத்துப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் தாய்க்கு அது எவ்வாறு கிட்டும்? பாலும் கேழ்வரகும் முள்ளோடு உண்ணும் சிறுமீனும் அவர் தட்டுக்கு முதலில் வரட்டும். முற்றத்து வெயிலும் அன்றாட நடையும் வாய்க்கட்டும். மருத்துவர் தரும் மருந்தும் தடையின்றித் தொடரட்டும். தாய்க்கு நாம் செலுத்த வேண்டிய கடன்களுள் இதுவும் ஒன்று.