தூத்துக்குடியும் ஓப்பநாயக்கவும்

ஓப்பநாயக்கவுக்கு இன்று ரயில் இல்லை. கொழும்பிலிருந்து புறப்பட்ட களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்து சேர்ந்தது. சப்ரகமுவ மலைகளின் தேயிலையையும் இறப்பரையும் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதல் வேலை. இரத்தினபுரிக்கு அப்பாலுள்ள அப்பகுதி 1976இல் மூடப்பட்டது. சரக்குக்காகப் போடப்பட்ட பாதை, சரக்கு வேறு வழி கண்டதும் மறைந்தது. அந்தச் சரக்கை விளைவித்தவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்னும் லயன் அறைகளில் இருக்கிறார்கள்.

அவர்களின் பாட்டன்மார் வந்த வழிகளில் ஒன்று தூத்துக்குடி. 1876இல் அவ்வூருக்கு ரயில் வந்தது. கடல் ஆழமற்றது; நீராவிக் கப்பல்கள் தொலைவில் நின்றன; படகிலேறித்தான் கப்பலை அடையவேண்டும். கங்காணியிடம் பட்ட கடனும், கையில் ஒரு 'துண்டு'மாகத் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டுக் கொழும்புக்குக் கப்பலேறியவர்கள் பலர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறந்த பிறகே கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. கடனோடு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது.

தூத்துக்குடியின் சரித்திரம் என்றால் நமக்கு முத்தும், உப்பும், வ.உ.சி.யும் நினைவுக்கு வருகின்றன. தவறில்லை. 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, பிரிட்டிஷ் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டது. 1908 பெப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அவரே துணை நின்றார், தொழிலாளர் வென்றனர். மார்ச்சில் அவர் கைதானார்; திருநெல்வேலியில் எழுந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து நால்வர் மாண்டனர். கப்பலை உடையவர் யார் என்ற கேள்வியோடு, ஆலையில் உழைப்பவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்டதே அந்த ஊரின் பெருமை.

ஆனால், கப்பலின் அடித்தட்டில் போனவர் யார் என்ற மூன்றாவது கேள்வியை நாம் இன்னும் உரக்கக் கேட்கவில்லை.

1974இல் தூத்துக்குடி இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், தாமிர ஆலை என்று ஊர் வளர்ந்தது. வேலையும் வந்தது, புகையும் வந்தது. 2018 மே 22 அன்று, தாமிர ஆலையை மூடக் கோரி ஊர்வலமாய்ப் போனவர்கள் மீது காவல்துறை சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் மொத்தம் 13 பேர் இறந்தனர். காவல்துறை வரம்பு மீறியது என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் கூறியது. 1908இல் சுட்டது அந்நிய அரசு. 2018இல்?

ஜப்பானின் கிட்டாக்கியூஷுவை நினைக்கிறேன். 1901இல் எழுந்த யவாத்தா எஃகு ஆலை அந்தத் துறைமுக நகரை உருவாக்கியது. அதன் டோக்காய் விரிகுடாவைச் 'சாக்கடல்' என்றே அழைக்கும் நிலை வந்தது. 1960களில் தொபாத்தாப் பகுதிப் பெண்கள், தங்கள் கணவர்மார் வேலைசெய்த ஆலைகளின் புகையையே எதிர்த்து எழுந்தார்கள். துணியில் படிந்த கரியை அளந்து கணக்குக் காட்டினார்கள். பிழைப்புக்கு ஊறு வருமே என்ற அச்சம் அவர்களுக்கும் இருந்திருக்கும். நகரம் மெல்ல மெல்லத் தூய்மையடைந்தது. இன்று அப்பெண்களின் போராட்டத்தைத் தன் பெருமையாகவே அந்நகரம் சொல்கிறது. அங்கும் எல்லாம் நல்லபடி நடந்தது என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தவர்களைத் தன் சரித்திரத்தில் சேர்த்துக்கொண்டது என்பதைத்தான் சொல்கிறேன்.

துறைமுகம் டன் கணக்கில் எண்ணும். அது அதன் தொழில். ஊர் ஆட்களை எண்ணவேண்டும். மலையக மக்களின் 200 ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அது இக்கரையின் கடமை. அக்கரைக்கும் ஒன்று உண்டு. தூத்துக்குடிப் பள்ளிக்கூடங்களில் வ.உ.சி.யின் கப்பலோடு, கடனைச் சுமந்து கப்பலேறிய கூலியாளையும், கோரல் மில் தொழிலாளியையும், 2018 மேயில் வீழ்ந்த பதின்மூவரையும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

அப்படிச் சொன்னால், ஓப்பநாயக்கவின் தோட்டத்துப் பிள்ளைக்குத் தூத்துக்குடி அந்நிய ஊராக இராது.