அம்மாயி காசுக்கு அமெரிக்காக்காரன் மார்க் போடணுமா?

"இந்தக் காசு உங்க வீட்ல இருந்தா நீங்கதான் லட்சாதிபதி!" இப்படி ஆரம்பிக்கிற வீடியோ ஒன்றாவது உங்கள் போனுக்கு வந்திருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸப்புக்கும் வந்தது. மறுநாளே தம்பி அலுமாரியைக் கிளறி, அம்மாயியின் வெள்ளி ரூபாவை எடுத்துப் படம் பிடித்துவிட்டான். 1919, ஐந்தாம் ஜோர்ஜ் தலை. உச்சியில் கயிறு கோத்த ஓட்டை. "அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேட் பண்ணி எடுத்தா நல்ல வெலைக்குப் போகும்க்கா" என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் அடகுச் சீட்டு இருக்கிறது. ஆனால் நான் வேண்டாம் என்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. கிரேட் பண்ணுவது என்றால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்கக் கம்பனிகளுக்குக் காசை அனுப்புவது. அவர்கள் அது அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து சீல் வைத்துத் தருவார்கள். கை படாத காசுக்குத்தான் உயர்ந்த புள்ளி. ஓட்டை போட்டது, வளையம் பற்றவைத்தது, தேய்த்துக் கழுவியது எதுவாக இருந்தாலும் புள்ளியே கிடையாது. 'சேதமானது' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நம்ம வீட்டுக் காசு எது? கழுத்தில் கிடந்தது. தீபாவளிக்குத் தீபாவளி புளி போட்டுத் துலக்கியது. சேதம் என்று பேர் வாங்கத்தான் காசு கட்டப்போகிறோம்.

எவ்வளவு கட்ட வேண்டும்? கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் சேர்த்து 40 டொலர் என்றே வைத்துக்கொள்வோம். டொலர் 300 ரூபா என்றால் 12,000 ரூபா. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேரு. ஒன்பது நாள் அம்மா மலையேறிக் கொழுந்து பறித்த காசு. அதுவும், கோடிக்கணக்கில் அடித்த 1919ஆம் ஆண்டு ரூபா ஒன்றுக்காக.

விதிவிலக்கு உண்டு, மறைக்கவில்லை. 1911 ரூபாவில் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று இந்தியாவில் பெரிய கலவரப் பேச்சாகி, அடுத்த வருஷமே அச்சை மாற்றினார்கள். அந்த 1911, ஓட்டையில்லாமல், துலக்காமல், மினுக்கம் போகாமல் உங்களிடம் இருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆனால் "ரிசர்வ் வங்கி வாங்கும், முதலில் கமிஷன் கட்டு" என்று யாராவது போன் எடுத்தால் வெட்டிவிடுங்கள். தன் பெயரை வைத்து இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

கணக்கு இதோடு முடிந்தது. என் கோபம் வேறு இடத்தில்.

அந்த 1-70 புள்ளி முறையைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1949இல், பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக. அவருடைய பிரதான தொழில் என்ன தெரியுமா? மனித உடம்புகளை நிர்வாணமாகப் படம் பிடித்து, அளந்து, வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் கொடுப்பது. உடம்பு அமைப்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லலாம் என்றவர். இன்னொன்று: அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தவர் என்று பின்னால் நிரூபணமானது.

உடம்புக்கு நம்பர் போடுவது நமக்குப் புதிசா? மண்டபம் முகாமில் நம்ம ஆட்களை நிறுத்தி வைத்து, உடம்பைச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்குரிய எழுத்தும் நம்பரும் குத்திய தகரத் துண்டைக் கட்டி அனுப்பிய காலமும் இருந்தது. நமக்கு ஏற்கெனவே தரம் பார்த்தாச்சு. இப்ப அவர்கள் மிச்சம் பிடித்த காசுக்கும் பார்க்கணுமா?

எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்று பாருங்கள். பிரித்தானியர் இலங்கைக்கென்று தனி வெள்ளி ரூபா அடிக்கவில்லை. 50, 25, 10 சதம்தான் அடித்தார்கள். இந்திய ரூபாதான் இங்கேயும் ரூபா. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் சட்டப்படியான நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஒரு ரூபாவுக்கு ஒரு பெண் இரண்டு நாளுக்கு மேல் கொழுந்து பறிக்கணும். அதில் அரிசிக் காசு கழியும், கடன் கழியும். அதையும் தாண்டி ஒரு ரூபாவைக் கழுத்தில் கட்டினாள் என்றால், அது அலங்காரம் மட்டுமா? வங்கி இல்லாதவளின் வங்கி அது. அந்த ஓட்டைதான் அவளுடைய கையெழுத்து. அதைத்தான் 'சேதம்' என்கிறார்கள்.

"சும்மா சென்டிமென்ட் பேசாதக்கா, பசிக்குச் சென்டிமென்ட் சோறு போடுமா?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. கஷ்டம் வந்தால் விற்கத்தான் வேண்டும். அதற்காகத்தானே கட்டி வைத்தாள். 1973-74 பஞ்சத்தில் தோடும் மூக்குத்தியும் விற்றுத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் தெரிந்து விற்போம். தராசில் வைத்து, அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, சுத்த வெள்ளி 10.7 கிராமுக்குக் கணக்குப் போட்டு, இரண்டு கடையில் கேட்டு விற்போம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

விற்றாலும் வைத்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1940இல் வந்த தொல்பொருள் கட்டளைச் சட்டம், 'தொல்பொருள்' என்பதற்கு 1815 மார்ச் 2ஐக் கோடாகப் போட்டது. கண்டி ஒப்பந்த நாள். நாம் வந்ததோ அதற்குப் பிறகு, கோப்பித் தோட்டக் காலத்தில். அந்தக் கோட்டின்படி நம்ம வீட்டுப் பொருள் எதுவுமே பழசு கிடையாது. பழைய தபால் அட்டைகளில் காதும் கழுத்தும் நிறைய நகையோடு கொழுந்துக்காரிகள் நிற்கிறார்கள். ஒருத்திக்கும் பேர் இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீக்கொக் தோட்டத்துப் பழைய லயத்தில் ஒரு தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவும் நம்ம ஆட்களே முயன்று அமைத்தது. மிச்சத்தை வீட்டுக்கு வீடு நாம்தான் எழுதணும்.

நான் தம்பியிடம் சொன்னது இதுதான். காசை அனுப்பாதே. போனில் ரெக்கார்டரைப் போட்டு அம்மாயி பக்கத்தில் உட்கார். யார் கட்டியது, எந்தத் தோட்டம், எத்தனை தடவை அடகுக்குப் போய் வந்தது, கூட இருந்த மற்றக் காசுகள் எங்கே போயின என்று கேள். காசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அதோடு வை.

நேற்று உட்கார்ந்தான். கூட ஆறு காசு இருந்ததாம். அம்மாயி முதலில் சொன்னது அவருடைய அம்மாவின் பேர். எங்கள் இருவருக்குமே அது அதுவரை தெரியாது.