நின்னுபோன எச்எம்டியை எடைக்குப் போடாதீங்க

மக்களே, இன்னைக்கு மருத்துவத் திரெட் இல்ல. வாட்ச் திரெட். பொறுத்துக்கோங்க.

போன மாசம் ஓபியில ஒரு வெத்தலைக் கொடிக்கால் விவசாயி, எழுபதைத் தாண்டினவர். பல்ஸ் பார்க்கக் கையைப் பிடிச்சா எச்எம்டி ஜனதா. 4:20-ல் நிக்குது.

"ஓடலீங்களாய்யா?"

"கல்யாணத்துக்கு மாமனார் போட்டதுங்க சார். மூணு கடை ஏறி எறங்கிட்டேன், பார்ட்ஸ் இல்லைங்கறாங்க. அதுக்குன்னு கழட்டி வெக்க முடியுங்களா?"

ஏன் பார்ட்ஸ் இல்ல? 1961-ல் ஜப்பானோட சிட்டிசன் கூட்டுல பெங்களூர்ல ஆரம்பிச்ச எச்எம்டி வாட்ச் தொழிலை மூட 2016 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துருச்சு. இனிமே பார்ட்ஸ் பெரும்பாலும் இன்னொரு செத்த வாட்ச்ல இருந்துதான் வரணும். எங்க பாஷையில சொன்னா, டோனர்.

சாவி கொடுக்கிற இந்த வாட்சோட இதயம் பேலன்ஸ் வீல். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நிமிஷத்துக்கு 300. நமக்கு 72! அந்த வீலோட அச்சு முனை முடி கனம்தான். கீழே விழுந்தா முதல்ல உடையறது அதுதான். விழாமலே நின்னுபோச்சுன்னா பல நேரம் எண்ணெய் காஞ்சிருக்கும், அவ்ளோதான். கழுவி எண்ணெய் விட்டா ஓடும். அதனால "பார்ட்ஸ் இல்ல"ன்னு திறந்துகூட பார்க்காம சொல்றவரை நம்பாதீங்க.

பெரியவர் வாட்ச்சை வாங்கி, இங்க ப.வேலூர்லயே லென்ஸ் மாட்டிட்டு உக்காந்திருக்கிற ஒரு பழைய ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்தேன். அச்சு உடைஞ்சிருக்கு. டப்பாவைக் கொட்டித் தேடி, டயல் துருப்பிடிச்ச ஒரு பைலட்ல இருந்து கழட்டிப் போட்டார். ரெண்டுலயும் உள்ளே ஒரே 17 ஜுவல் மெஷின். 650 ரூபா. பேரம் பேசல, நீங்களும் பேசாதீங்க.

என் கவலை அந்த டப்பாதான். அவர் கடையை மூடினா அதை வீட்டுல எடைக்குப் போட்டுருவாங்க. இன்னொரு பக்கம், மூணு வாட்ச்சைப் பிரிச்சு ஒண்ணாக்கி, டயலுக்குப் பளபளன்னு பெயிண்ட் அடிச்சு "புத்தம் புதுசு"ன்னு ஆன்லைன்ல விக்கிறாங்க. நானே ஒண்ணு வாங்கி ஏமாந்தேன். (மனைவிக்கு விலை இன்னும் தெரியாது.)

2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு போர்ட்டல் திறந்துச்சு. விவசாயக் கருவி, போன் மாதிரி எலக்ட்ரானிக்ஸ், வீட்டுச் சாமான், வண்டின்னு 4 துறை. நல்ல விஷயம். ஆனா அரசே நடத்தி அரசே மூடுற கம்பெனியோட பொருளுக்கு? மூடும்போது மிச்ச பார்ட்ஸும் டிராயிங்கும் ஐடிஐகளுக்குப் போகணும்னு ஒரு விதி போட்டா என்ன?

அதுவரைக்கும், பீரோவுல செத்துக் கிடக்கிற வாட்ச் உங்களுக்கு வேண்டாம்னா பக்கத்து ரிப்பேர்காரர் டப்பாவுல போடுங்க. ஓட வைக்க ஆசைன்னா டயல்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லிக் கொடுங்க.

பெரியவர் நேத்து வந்தார். தினமும் காலையில 6 மணிக்குத் தவறாம சாவி கொடுக்கறாராம். "பிபி மாத்திரை?"ன்னேன். "அது மறந்துருதுங்க சார்."

சாவி கொடுத்த கையோட மாத்திரையும்னு சீட்டுல எழுதிக் கொடுத்திருக்கேன்.